சடையன்குளத்து இடம்புரி

ஓடு நொறுங்கிய சத்தம் முன்னறைக்குக் கேட்டிருக்காது. மிளகைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தால் என்ன சத்தம் வரும், அவ்வளவுதான். ஆனாலும் இடுக்கியை அப்படியே பிடித்தபடி காதைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன். பிரம்பு நாற்காலி ஒரு முறை முனகுகிறது. சாய்ந்திருந்தவர் நிமிர்கிறார், இல்லை நிமிர்ந்திருந்தவர் சாய்கிறார். இருமல் இல்லை. இருமினால் ஓட வேண்டும், மத்தியானம் ஊட்டிய குழைந்த சோற்றில் ஒரு பருக்கை மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கும். இருமாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும், ஏன் ஒரு சத்தத்தையும் காணோம் என்று. இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்கென்று கொஞ்சம் மத்தியானம் கிடைக்கிறது. தூங்கத்தான் நினைத்தேன். கட்டிலில் படுத்தால் மகள் பெனிட்டா போனில் சொன்னதே திரும்பத் திரும்ப வந்தது, எழுந்து வந்து மைக்ராஸ்கோப்பின் உறையைக் கழற்றினேன். உறையில் தூசி. என் வீட்டுக்காரர் இருந்தால் திட்டியிருப்பார். இருந்தால் என்று நினைத்துவிட்டேன் பார். இருக்கிறார், பத்தடி தள்ளி, ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு இருக்கிறார். பெனிட்டாவின் பேச்சு என் வாய்க்குள்ளும் வந்துவிட்டது. சரி, ஓட்டுத் துண்டுகளை எடு. ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளு. இது கொத்தமல்லி விதையளவு நத்தை, மேலும் கீழும் தட்டையாகச் சுருண்ட குட்டி முறுக்கு. நத்தை என்றதும் எல்லோரும் தோட்டத்தில் முட்டைக்கோஸைத் தின்னும் அந்தப் பெரிய சனியனை நினைக்கிறார்கள். எங்களுக்கு முப்பது வருஷமாகச் சோறு இதுதான் என்றால் சர்ச்சில் சிரிப்பார்கள். ஒரு முறை பாஸ்டரே கேட்டார், இதைத் தின்பீர்களா ஐயா என்று. இவர் அதற்கும் கோபப்படாமல், வெள்ளம் வந்து உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் ஒன்றாகக் கலந்தபோது இந்தக் குளத்து நத்தைகளை நோவா எந்தச் சட்டியில் வைத்துக் காப்பாற்றினார் என்று திருப்பிக் கேட்டு, ஆராதனை முடிந்த வெயிலில் பாஸ்டரை வெகுநேரம் நிறுத்தி வைத்தார். எனக்குப் பசியில் கண் இருட்டியது. இவருக்கு அருமைநாயகம் என்று பெயர். அருமைக்கும் நாயகத்துக்கும் குறைச்சலில்லை, வாயை மூட மட்டும் தெரியாது.

இப்போது அந்த வாயில் வார்த்தை இல்லை. இல்லை என்பதும் சரியில்லை, இருக்கிறது, இடம் மாறிப்போய் இருக்கிறது. காய்கறிக் கடையில் நின்றுகொண்டு அரைக்கிலோ திங்கட்கிழமை கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் ஏதோ வேடிக்கை என்று சிரித்திருக்கிறார், பிறகு உதடு ஒரு பக்கம் இறங்குவதைப் பார்த்து, தராசை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்று டாக்டர் படம் காட்டினார். கறுப்பு வெள்ளைப் படம், அதிலும் சுருள் சுருளாகத்தான் இருந்தது. கால் கொஞ்சம் திரும்பி வந்தது. வலது கை பாதி. வார்த்தை வரவில்லை. சீப்பைக் கரண்டி என்கிறார், என்னைத் தம்பி என்கிறார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் ரஹ்மத் நல்ல பெண், பொறுமைசாலி, படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவாள். நாயைக் காட்டினால் அவர் பூனை என்பார். கத்திரிக்காயைக் காட்டினால் வெண்டைக்காய். ரஹ்மத் அதற்குச் சந்தோஷப்பட்டாள். பாருங்கம்மா, நாயைப் பார்த்துப் பஸ் என்று சொல்லவில்லை, பூனை என்றுதான் சொல்கிறார், அலமாரி சரி, தட்டுதான் தப்பு என்றாள். பேரினம் சரி, சிற்றினம் தப்பு என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், அதை அவரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது, பழைய ஆளிடம். விழுந்து விழுந்து சிரித்திருப்பார். ஆனால் கரண்டிக்கும் சீப்புக்கும் ஒரே அலமாரி எப்படி? இரண்டும் கையில் பிடிக்கிற சாமான் என்பதாலா? தம்பிக்கும் எனக்கும்? அவருக்குத் தம்பி என்று யாரும் கிடையாது. இந்த இடத்தில் வந்து ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். நின்றால் கண் பனிக்கிறது, பனித்தால் லென்சில் எதுவும் தெரிவதில்லை. துடை. கழுத்தில் பழைய இடத்திலேயே வலி தொடங்குகிறது. ஃபேன் காற்றில் ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறுகிறது.

இந்த நத்தைகள் கிடைத்த சடையன்குளத்துக்கு, அவர் நன்றாக இருந்தபோது, ஸ்கூட்டரில்தான் போனோம். நீர் வற்றத் தொடங்கியிருந்த சமயம், ஓரமெல்லாம் சேறு, நடுவில் ஆம்பல். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொடையளவு தண்ணீரில் இறங்கி, இலையைத் திருப்பித் திருப்பி அடியில் ஒட்டியிருப்பதைத் தடவி எடுத்தார். கரையில் நின்ற ஆடு மேய்க்கிற அம்மா, ஐயா எதைத் தொலைத்துவிட்டுத் தேடுறாங்க என்று என்னிடம் கேட்டாள். மோதிரம் என்றேன், அதுதான் சொல்வதற்கு எளிது. கொண்டுவந்து காட்டியபோது உள்ளங்கையில் சிவப்பாகக் கிடந்தன. இந்தக் குடும்பத்து நத்தைக்கு ரத்தம் நம்மைப் போலவே சிவப்பு, மெல்லிய ஓட்டின் வழியே அது தெரியும். எல்லாம் இடம்புரி. பூசைக்கு வைக்கிற சங்கில் வலம்புரி அபூர்வம் என்பார்கள், இதில் அபூர்வமே கிடையாது, மொத்தக் குடும்பமும் இடது பக்கமாகத்தான் சுற்றிக்கொள்ளும், தட்டையாக இருப்பதால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, உள்ளே உறுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். அதில் கொஞ்சம் மட்டும் வேறு மாதிரி இருந்தன. கடைசிச் சுற்று உப்பி, வாய் கீழே மடங்கி, முறுக்கின் நுனியைச் சுடும் முன்னால் யாரோ விரலால் அழுத்தினது போல. அவர் அவற்றைத் தனிச் சீசாவில் போட்டார். வீடு வந்து சேர்வதற்குள் அது புதுச் சிற்றினம் ஆகிவிட்டது, பெயரும் வைத்தாயிற்று, சடையன்குளத்து இடம்புரி. நான் உடனே சண்டைக்குப் போனேன். ஓடு என்பது சட்டை, சட்டையைப் பார்த்து ஆளைச் சொல்லாதீங்க, உள்ளே அறுத்துப் பார்க்காமல் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றேன். அவர் ஓட்டுக்காரர், நான் உடற்கூற்றுக்காரி, எங்கள் கல்யாணமே இப்படித்தான் ஓடியது. உள்ளே பார்த்தா நீயும் நானும் ஒண்ணுதான், அதுக்காக நீ நான் ஆகிருவியா என்றார். சாப்பிடும்போதும் அதே பேச்சு, விளக்கை அணைத்த பிறகும் அதே பேச்சு. என் கண்ணில் புரை முற்றியிருந்தது, ஆபரேஷன் முடிந்ததும் அறுத்துக் காட்டுகிறேன் என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன். ஆபரேஷன் முடிந்து கண் தெளிந்தபோது அவருக்கு இப்படி ஆகியிருந்தது. சீசா அலமாரியில் நின்றுகொண்டிருந்தது. தினமும் அதைக் கடந்து மாத்திரை டப்பாவை எடுப்பேன்.

காலையில் பெனிட்டா போன் செய்தாள். ஓசூரிலிருந்து வாரா வாரம் வந்துபோய் அவளும் களைத்துவிட்டாள், குற்றம் சொல்ல முடியாது, அப்பாவுக்கு மலம் துடைத்துவிட்ட மகள் அவள். கோயமுத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் ஓர் இல்லம் இருக்கிறதாம், இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்வதற்கென்றே. அங்கே ஓர் இடம் காலியாகியிருக்கிறது, சாயங்காலத்துக்குள் சரி என்று சொன்னால் நமக்கு வைத்திருப்பார்கள், நீ என்னோடு வந்துவிடு, மாதம் ஒரு முறை போய்ப் பார்க்கலாம் என்றாள். வீடு, அலமாரி, சீசாக்கள் எல்லாவற்றையும் காலேஜுக்குக் கொடுத்துவிடலாம் என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டாள். "அம்மா, தப்பா எடுத்துக்காதே. அங்க நாற்காலியில உட்கார்ந்திருக்கிறது அப்பா இல்லம்மா. அப்பா போயிட்டாங்க. நீ வேற யாரையோ குளிப்பாட்டிச் சோறு ஊட்டிட்டு இருக்கே." இதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் மூக்கை உறிஞ்சினாள். நான் சாயங்காலம் சொல்கிறேன் என்று வைத்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. அவள் சொன்னதை நானே எத்தனையோ தடவை, அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடும்போது, நினைத்திருக்கிறேன். வார்த்தை போனதற்காக இல்லை. வார்த்தை போனவர்களை எனக்குத் தெரியும், என் சித்தப்பா ஒருவர் ஏழெட்டு வருஷம் வாய் பேசாமல் கண்ணாலேயே வீட்டை ஆட்டிப் படைத்தார். இவர் எதற்கும் தலையாட்டுகிறார். உப்பில்லாமல் வைத்தால் தின்கிறார், ஃபேனை நிறுத்தினால் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரோடு கூடப் படித்தவர் ஒருவர் வந்து, அவர் காது படவே, நத்தைகளின் குடும்பப் பெயர்களை எல்லாம் தப்புத் தப்பாகச் சொன்னார், அதற்கும் சரி சரி என்று சிரித்தார். 'சரி', 'இல்லை', 'தம்பி' இவையெல்லாம் சட்டென்று வாய்க்கு வருகிற வார்த்தைகள், இதில் 'இல்லை' என்பதை ரஹ்மத்தின் அட்டைக்குத் தவிர வேறெதற்கும் செலவழிப்பதில்லை. சாந்தமான, சொன்னபடி கேட்கிற மனுஷர். இவ்வளவு நல்லவரோடு எனக்குப் பழக்கமில்லை. முப்பது வருஷம் ஒருத்தரோடு சண்டை போட்டிருக்கிறேன், இவரிடம் ஒரு வார்த்தை உரக்கப் பேச எனக்கு மனம் வரவில்லை, விருந்தாளியிடம் பேசுவது போலப் பேசுகிறேன். சர்ச்சுப் பெண்கள் என்னைப் பார்த்து, எத்தனை பொறுமை, கர்த்தர் உனக்குக் கிரீடம் வைத்திருக்கிறார் கிருபாவதி என்கிறார்கள். பொறுமை என்ன பொறுமை, அங்கே பொறுத்துக்கொள்வதற்கு ஆளே இல்லையே.

வேலையைப் பார். ஓடு போய்விட்டது. மெழுகுத் தட்டில் உடம்பு மட்டும் கிடக்கிறது, கறுப்பும் மஞ்சளுமாக, கழற்றிப் போட்ட மோதிரம் மாதிரி வளைந்து. தலைப் பக்கம் ஓர் ஊசி, நடுவில் ஓர் ஊசி. மேலே மூடியிருக்கிற மெல்லிய போர்வையை நறுக்கித் திருப்பினால் சிறுநீரகம் நீளமாகத் தெரிகிறது, அதன் பக்கத்தில் இதயம், செத்துப் போன இதயம் கடுகில் பாதி. முன்பெல்லாம் காலேஜில் இந்த இடத்தில் பிள்ளைகளிடம் மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன், மூச்சுக் காற்றே கையை ஆட்டிவிடும். இப்போது நான் மூச்சைப் பிடித்தால் காது முன்னறைக்குப் போகிறது. நாற்காலி சத்தம். இருக்கிறார். இனி ஆண் உறுப்பு. இந்த நத்தைக்குள் ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில், வெளியே ஒன்றுபோல இருக்கிற இரண்டு சிற்றினங்களைப் பிரித்துச் சொல்வது பெரும்பாலும் இந்த ஆண் பக்கத்துக் குழாய்களும், அதற்கு மேலே இருக்கிற புராஸ்டேட் சுரப்பியும்தான். எங்கள் பக்கத்துக் குளங்களில் சாதாரணமாகக் கிடைக்கிற தட்டை நத்தைக்குப் புராஸ்டேட் ஒரு சீப்பு மாதிரி இருக்கும், வரிசையாகப் பற்கள், நெருக்கமாக. சீப்பு என்றதும் கரண்டி நினைவுக்கு வருகிறது, தள்ளு. குழாயை மெல்ல இழுத்து நேராக்குகிறேன். குட்டையாக இருக்கிறது. சாதாரண நத்தையில் இருப்பதில் பாதிகூட இல்லை. புராஸ்டேட்டைத் தேடுகிறேன். சீப்பு இல்லை. பற்கள் இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து மொட்டைக் கணுக்கள். இன்னொரு முறை பார்க்கிறேன். ஃபோகஸை ஏற்றி இறக்கிப் பார்க்கிறேன். அதே கணுக்கள்தான். அப்படியென்றால் அவர் சொன்னது சரி. ஓட்டை மட்டும் பார்த்து, சேற்றுக் கையோடு, வேட்டி நனைந்து கரையில் நின்றுகொண்டு சொன்னது சரி. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் என்று சொல்ல ஆசைதான். பொறாமைதான் முதலில் வந்தது, நெஞ்சில் குத்தியது, சண்டையில் தோற்றுவிட்டேன் என்று. அதற்குப் பிறகுதான் சந்தோஷம், அடிவயிற்றிலிருந்து மெல்ல ஏறியது, வெந்நீரில் கால் வைத்தது போல. இதை நான் எழுதுவேன், இரண்டு பேர் பெயரும் போட்டு எழுதுவேன், ஓடு அவருடையது, உள்ளே என்னுடையது. அந்த இல்லத்துக்குப் போனாலும் கண்டுபிடித்தவர் என்று அவர் பெயர் ஒரு நத்தையின் பெயருக்குப் பின்னால் நிற்கும், உலகம் இருக்கும்வரை. பெனிட்டாவுக்கும் ஒரு நல்ல சேதியாக இருக்கும். இப்படியே ஊசியை வைத்துவிட்டு எழுந்து, காப்பி போட்டு, இரண்டு டம்ளர் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போயிருக்கலாம். என் கழுத்தும் அதையே சொன்னது.

ஆனால் அந்தக் கணுக்கள் என்னை விடவில்லை. சின்னதாகப் பிறந்ததற்கும் சுருங்கிப் போனதற்கும் வித்தியாசம் உண்டு. சின்னதாகப் பிறந்தது உருண்டு வழுவழுப்பாக இருக்கும், ஓரம் சுத்தமாக இருக்கும். இது வாடியிருந்தது, வெயிலில் கிடந்த கொத்தவரங்காய் போல. பக்கத்தில் பெண் சுரப்பியையும் பார்த்தேன், அதுவும் காகிதம் மாதிரி மெலிந்திருந்தது. இரண்டு பக்கமும் ஒன்றாக வாடினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், தெரியும் என்பதைத் தெரியாதது போல வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு மோட்டார் ஓடத் தொடங்கி நின்றது. காப்பி போடப் போகலாம். யார் வந்து பார்க்கப் போகிறார்கள், கடைசிச் சுருளை நான் பிரித்தேனா இல்லையா என்று. சுருளின் உள்நுனிதான் பிரிப்பதற்குக் கஷ்டம், நூல் மாதிரி, ஓட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும், அறுந்துவிட்டது என்று எழுதிவிட்டால் எல்லோரும் நம்புவார்கள். கை தானாகவே இன்னோர் ஊசியை எடுத்தது. அது நேர்மை இல்லை, அத்தனை வருஷப் பழக்கம், பாத்திரம் கழுவுகிறவள் அடிப்பாகத்தையும் கை போன போக்கில் தேய்ப்பது போல. கடைசிச் சுருளைப் பிரித்தேன். அங்கே திராட்சைக் கொத்து மாதிரி ஒன்று இருக்க வேண்டும், முட்டையும் விந்தும் இரண்டும் அங்கிருந்துதான் உண்டாகும். கொத்து இல்லை. அந்த இடம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பைகள், அடைசலாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி. ஊசியால் ஒன்றைத் தொட்டேன், உருண்டு தனியாக வந்தது, ஒரு முனையில் வாய். புழு. அதன் வயிற்றுக்குள் இன்னும் சின்னதாக, வால் வைத்த குஞ்சுகள். தட்டைப் புழுவின் குடும்பம். மடையானோ கொக்கோ குளத்துக் கரையில் எச்சமிட்டிருக்கும், அதிலிருந்த முட்டை பொரிந்து நத்தைக்குள் ஏறியிருக்கும். ஏறினால் முதலில் இனப்பெருக்க உறுப்பைத்தான் தின்னும். நத்தை சாகாது. தின்னும், நகரும், ஆம்பல் இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், உடம்புக்குள் இருப்பதற்கு இடம் கொடுத்துக் கொடுத்து ஓடு உப்பிக்கொண்டே போகும். வெளியிலிருந்து பார்த்தால் வேறு ஏதோ பிராணி என்று தோன்றும். வேறு இல்லை. எங்கள் பக்கத்துக் குளத்தில் கிடைக்கிற அதே தட்டை நத்தைதான், நோய் வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை, கண்ணை லென்சிலிருந்து எடுத்தபோது ஜன்னல் கம்பியின் நிழல் மேசை மேல் ஏறியிருந்தது. சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்த சேதியைச் சொல்வதற்கு உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறார். மற்றவர்களுக்கு அது என்னவென்றே புரியாது, புரிந்தாலும் அதனால் என்ன என்பார்கள். சொல்லாமல் விட்டுவிடலாம், சீசாவை மூடிப் பழைய இடத்தில் வைத்துவிடலாம், ஒரு புதுச் சிற்றினத்தைக் கண்டுபிடித்தவராகவே அந்த மலையடிவாரத்துக்குப் போகட்டும். அவர் மனதில் அது இன்னும் இருக்கிறதோ என்னவோ. எனக்கு அவர் வருத்தப்படுவாரே என்ற பயம் இல்லை. நான் போய், உங்க நத்தை வேற இல்லை, உள்ளே புழு என்று சொல்வேன், அவர் என் முகத்தைப் பார்த்து, அந்தச் சாந்தமான சிரிப்போடு, சரி என்று சொல்லிவிடுவார். அந்தச் சரியை நான் கேட்டுவிட்டால் பெனிட்டா சொன்னது உண்மையாகிவிடும். அதற்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை நான் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். இதற்காகத்தான் இத்தனை நாளும் அந்தச் சீசாவைத் தொடாமல் கடந்து போய்க்கொண்டிருந்தேனோ. கால் மரத்துப் போயிருந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். காப்பி போடவில்லை. காப்பியோடு போனால் அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

முன்னறையில் ஜன்னல் பக்கம்தான் அவர் முகம் இருந்தது. வாயோரம் எச்சில் காய்ந்திருந்தது, முந்தானையால் துடைத்தேன். எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சடையன்குளத்து நத்தையை அறுத்துப் பார்த்தேன் என்றேன். குழாய் குட்டையாக இருந்ததைச் சொன்னேன், புராஸ்டேட் வாடியிருந்ததைச் சொன்னேன், கடைசிச் சுருளில் இருந்ததைச் சொன்னேன். விருந்தாளியிடம் பேசுகிற குரலில்தான் சொன்னேன், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. கடைசியாக, "புதுசு இல்லைங்க. சாதாரணமா கிடைக்குமே, அதேதான். புழு ஏறி ஓடு உப்பியிருக்கு" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு உதட்டின் ஒரு பக்கத்தில் தொடங்கியது. நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டேன், விரல் நுனியில் ஸ்பிரிட் பட்டுத் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. தெருவில் யாரோ பிளாஸ்டிக் குடத்தைக் கீழே போட்டார்கள். பிறகு, "இல்ல" என்றார். நிமிர்ந்தேன். சிரிப்பு இல்லை. புருவம் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றது. இடது கையால் நாற்காலிக் கையைத் தட்டினார். "இல்ல, இல்ல."

அவரை எழுப்பி, வலது காலை இழுத்து இழுத்து மைக்ராஸ்கோப் இருக்கும் மேசைக்குக் கூட்டிவருவதற்குள் என் முதுகு ஒடிந்துவிட்டது. குனிந்து கண்ணை வைத்தார். ஃபோகஸ் திருகை இடது கையால் தவறான பக்கம் திருப்பினார், ஊசி லென்சில் இடித்துவிடுமோ என்று நான் கையை நீட்டினேன், அதற்குள் நிறுத்தி மறுபக்கம் திருப்பினார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய பின்கழுத்தில் நான் சரியாகத் துடைக்காமல் விட்ட பவுடர் திட்டாக இருந்தது. கண்ணை எடுக்காமல், "சேமியா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆமாம், அசல் சேமியாதான், வேகவைத்த சேமியா. நான் சிரிப்பதை அவர் கவனிக்கவில்லை. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து மறுபடியும் இல்ல என்றார், பிறகு வாயைக் கோணிக் கோணி எதையோ தேடி, "அடுத்த வாரம்" என்றார். அடுத்த வாரம் என்ன, அடுத்த வாரம் பார்க்கலாம் என்கிறீர்களா என்று கேட்டேன். எரிச்சலோடு தலையை ஆட்டினார். இடது கை விரல் சீசாவைக் காட்டியது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சீசாவின் மூடியைத் தட்டினார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. அடுத்தது. அடுத்த நத்தை. ஒன்றில் புழு இருந்தால் ஒன்றில் புழு இருக்கிறது என்றுதான் அர்த்தம், அதை வைத்து மொத்தச் சீசாவுக்கும் தீர்ப்பு எழுதாதே என்கிறார். சரியான வாதம். மாணவர்களிடம் நானே சொல்கிற வாதம். ஆனால் என் கழுத்து எரிந்துகொண்டிருந்தது, மத்தியானம் தூங்கவில்லை, அவருக்கு மாத்திரை கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. அடுத்ததை எடுத்து நொறுக்கிப் பிரித்தேன். அதிலும் புழு. பார்த்தார். மறுபடியும் மூடியைத் தட்டினார்.

"எத்தனைதாங்க அறுக்கச் சொல்றீங்க? என் கழுத்து விட்டுப் போகுது. ஒரு தடவையாவது நான் சொல்றதை ஒத்துக்கிட்டா உங்க தலையா போயிரும்?" என்று கத்திவிட்டேன். குரல் சுவரில் பட்டுத் திரும்பியது. அவர் என்னை முறைத்தார். முறைத்துக்கொண்டே தட்டினார். நான் கத்தியதற்கு அப்புறம் வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது, அல்லது முன்பு இருந்த மாதிரி ஆகிவிட்டது, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இவரிடம் கோபப்பட்டு எத்தனை காலம் ஆயிற்று. போன் அடித்தது. பெனிட்டா, குரலைத் தயார்செய்து வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள், என்னம்மா முடிவு பண்ணினே என்று. அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லு என்றேன். உன்னால் தனியாக எப்படி முடியும், உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று தொடங்கினாள். அவள் சொல்வதில் தப்பில்லை. நாளைக்கே நான் குளியலறையில் அவரைத் தூக்க முடியாமல் அவளுக்குப் போன் போட்டு அழலாம், அடுத்த வருஷம் அந்த மலையடிவாரத்துக்கு நானே அவரைக் கூட்டிக்கொண்டு போகவும் வேண்டியிருக்கலாம். "இல்ல பெனிட்டா, உங்கப்பா ஒத்துக்க மாட்டேங்காங்க" என்றேன். அப்பாவிடம் கேட்டாயா, அப்பாவுக்குப் புரிந்ததா, என்ன சொன்னாங்க என்று அவள் குரல் மாறியது. அந்த இல்லத்தைப் பற்றி நான் அவரிடம் பேசவே இல்லை என்பதை, எதைப் பற்றிய சண்டை இது என்பதை எல்லாம் இப்போது விளக்க முடியாது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் கூப்பிடுகிறேன், இப்போ கை வேலையாக இருக்கிறது என்று சொல்லி வைத்தேன். மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்துவந்து கொடுத்தேன், என்னைப் பார்க்காமலே விழுங்கினார். நாற்காலியை அவருக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போட்டுக்கொண்டு, சீசாவிலிருந்து மூன்றாவதை எடுத்தேன். இதுதான் இருப்பதிலேயே உப்பலானது. இதிலும் புழுதான் இருக்கும், எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும், ஒத்துக்கொள்ள மாட்டார். இடுக்கியால் ஓட்டைப் பிடித்ததும் அவர் எட்டிப் பார்த்தார், வெளிச்சம் முழுவதும் அவர் தலையில் விழுந்தது, தட்டு இருட்டாகிவிட்டது. தலையை எடுங்க, மறைக்குது என்றேன். எடுக்கவில்லை.